கல்லுக்குக் கீழே தெரிந்த கடல்

எண்பத்தாறாம் ஆண்டு நாரந்தனையில் ஒரு சுமைதாங்கிக்குப் படம் கீறினேன். அரசாங்கத்தில் படவரைஞனாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு நான் கீறிய ஒரே படம் அதுதான். உத்தியோக காலத்தில் பாலம், மதகு, பள்ளிக்கூடக் கூரை, தபாற்கந்தோர் மலசலகூடம் என்று எத்தனையோ கீறியிருக்கிறேன். ஒன்றையும் ஒளித்துக் கீறியதில்லை. இதை ஒளித்துக் கீறினேன்.

கர்ப்பிணியாக இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நிறுத்திய கற்கள் இரண்டு, அவற்றின் மேல் கிடையாக ஒரு கல். தலைச்சுமையோடு போகிறவர்கள் பிறர் உதவியில்லாமல் சுமையை அதில் இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்கு, யாரோ ஒருத்தி விறகுக்கட்டை இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை.

இறந்தவள் என் அயல்வீட்டுக்காரரின் மகள். நயினாதீவில் கலியாணம் செய்து கொடுத்திருந்தார்கள். எட்டாம் மாதத்தில் ஒரு பின்னேரம் அவளுக்கு வயிற்றுக்குத்து வந்தது. அந்த நாட்களில் இருட்டியபின் படகு ஓட்டினால் நேவி சுடும். விடியும்வரை வைத்திருந்து கொண்டுவந்தார்கள். குறிகட்டுவான் துறையில் படகு கட்டும்போது அவள் உயிரோடு இல்லை.

தகப்பன் புகையிலையும் வெங்காயமும் செய்கிறவர். என்னைவிட ஏழு வயது இளையவர். ஒரு நாள் காலையில் வந்து எங்கள் விறாந்தையில் கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணை, பிள்ளையின்ரை ஆண்டுத் திவசத்துக்கு முன்னம் கல்லு வைக்கவேணும். நீங்கள்தான் கீறித் தரவேணும்."

"சுமைதாங்கிக்கு என்னத்துக்குப் படம்? மேசனுக்குச் சொன்னால் நட்டுவிடுவான்."

"ரோட்டிலை வைக்கேல்லை. ரோட்டிலை இப்ப எதை நட்டாலும் ஆமி, இயக்கம் ரெண்டு பகுதியும் வந்து கேக்கும். தோப்புக்குள்ளை வைக்கப்போறன். என்ரை மனிசி போய் இருக்கவும் ஒரு இடம் வேணும். அவள் வீட்டுக்குள்ளை இருக்கிறாளில்லை அண்ணை."

அவருடைய வீட்டு வளவுக்கும் என்னுடையதற்கும் நடுவில் அவரது காணி முப்பது பரப்பு, இரண்டு ஏக்கருக்குக் கிட்ட, பாட்டன் காலத்திலிருந்து திருத்தாமல் கிடந்தது. அதற்குள் ஒரு தூர்ந்த கேணி. நான் எண்ணிப் பார்த்தேன்: வேம்பு பதினேழு, இலுப்பை நாலு, நாவல் இரண்டு, பூவரசு ஒன்பது, ஓரமாகப் பனை அறுபத்தொன்று. மற்றதெல்லாம் ஈச்சம் பற்றையும் நாயுண்ணியும். பகலிலும் உள்ளே பச்சை வெளிச்சம்தான். கடற்கரையிலிருந்து விறகும் ஓலையும் மீன்கடகமும் சுமந்து சந்தைக்குப் போகிற பெண்கள் குறுக்காக நடந்து நடந்து நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. ஆகவே சுமைதாங்கிக்கு அங்கே வேலை இருந்தது.

எழும்பிப் போகும்போது தகப்பன் படியில் நின்று, "ஒண்டு சொல்லவேணும்," என்றார். "மனிசி இருக்கிற இடத்திலையிருந்து கடல் தெரியக்கூடாது. அவள் இப்ப கடற்பக்கம் திரும்புறதே இல்லை."

ஓம் என்று விட்டேன். அவர் போனபிறகுதான் பயம் பிடித்தது.

ஒரு காணியை அளந்து, மரங்களுக்குப் புள்ளி வைத்து, பாதையும் கரையும் கீறிய கடதாசி அந்தக் காலத்தில் வீட்டில் இருக்கலாமா? ஆமி சுற்றிவளைத்தால் இயக்கப் பெடியளுக்குக் கீறியது என்பான். பெடியள் கண்டால் ஆமிக்குக் கீறியது என்பார்கள். படவரைஞன் என்ற என் உத்தியோகமே இரண்டு பகுதிக்கும் போதும். கடைசியில் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறினேன். வடக்குக் காட்டும் அம்புக்குறி போடவில்லை. அளவுத்திட்டம் எழுதவில்லை. இரண்டும் இல்லாத படத்தை உத்தியோகத்தில் எவன் கொண்டுவந்திருந்தாலும் திருப்பி எறிந்திருப்பேன். மேசனுக்குத் தடியால் நிலத்தில் கீறிக் காட்டிவிட்டுத் தாளை அடுப்பில் போட்டேன். நிலத்தில் கீறியதையும் காலால் அழித்தேன்.

அடுத்த பயம் மேலே. ஹெலி கிழமைக்கு மூன்று நாலு தரம் வந்துபோகும். புதிதாக வெட்டிய வெள்ளைக்கல் மரத்துக்குள்ளிருந்து பளிச்சென்று தெரியும். நேர்கோட்டில் எதை வைத்தாலும் மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது முகாம். ஆகவே கூரை வேண்டாமென்றேன். சீமெந்தும் வேண்டாமென்றேன்; இரண்டு மூட்டை சீமெந்து தோப்புக்குள் போனால் பங்கர் கட்டுகிறார்கள் என்று ஊரே சொல்லும். சுண்ணாம்புச் சாந்து போதும். கிடைக்கல்லைக் கேணியின் பழைய படியிலிருந்து எடுப்பது, அது ஏற்கெனவே கறுத்தது. மற்றக் கற்களுக்குச் சாணியும் சாம்பலும் கரைத்துப் பூசுவது. ஒரு மரமும் தறிப்பதில்லை. தறித்தால் மேலே ஓட்டை விழும்.

உயரத்தைப் புத்தகத்தில் பார்க்க ஏலாது. மனைவியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சை வாரும். இந்தக் கடகத்தைத் தலையிலை வைச்சுக்கொண்டு சுவரோடை நில்லும்."

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதே? அடுப்பிலை சோறு கிடக்கு."

"கையை விடாதையும். இப்ப இறக்கும். இன்னும் கொஞ்சம். நில்லும்!"

"இப்பிடியே நிண்டு சோறு அடிப்பிடிச்சால் மத்தியானம் இந்தக் கடகத்தைத்தான் தின்னவேணும்."

சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். நாலடி நாலங்குலம்.

இடத்தைத் தெரிவுசெய்வதுதான் கரைச்சலாக இருந்தது. பாதை கரைக்கு இறங்குகிற இடத்தில் மரங்கள் விலகி ஒரு வாசல்போல் இருந்தது. சுமை கொண்டுவருகிறவர்கள் மேட்டில் ஏறி மூச்சு வாங்குவது அங்கேதான். கல் அங்கே நிற்கவேண்டும். ஆனால் அந்த வாசலால் கடல் தெரிந்தது. தாய் குந்தியிருக்கப் போடும் கல்லைக் கடற்பக்கம் வைத்து முகத்தை இங்கால் திருப்பலாமென்றால், அந்தப் பக்கம் வெறும் மணலும் வடலியும். நேவிப் படகுக்கு ஆள் தெரியும். ஆகவே அவர் தோப்புப் பக்கம் இருந்து சுமைதாங்கியைப் பார்க்கவேண்டும். கல்லுக்குப் பின்னால் கடல்.

இதற்கு நான் கண்ட வழி எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நிறுத்துக் கல்லுக்கும் நடுவிலுள்ள வெளியைச் சிறுகல்லால் கட்டி அடைப்பது. நிலத்தில் போட்ட கல்லில் இருக்கிறவரின் கண் மூன்றடி எட்டங்குலத்தில் வரும். கிடைக்கல்லின் மேல்விளிம்பு நாலடி நாலங்குலம். எட்டங்குலம் மிச்சம். கடல் முழுக்க மறைந்துவிடும்; மேலே இலையும் வானமும்தான். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கிடைக்கல் ஏறத்தாழ ஆயிரம் இறாத்தல். அது சரிந்து யாராவது பிள்ளையின்மேல் விழுந்தால்? நடுவை அடைத்துவிட்டால் சரியாது. அந்த அடைப்பு இல்லாமல் எனக்கு நித்திரை வந்திருக்காது.

பனங்குற்றிகளை உருட்டி, மண்ணைச் சரிவாகக் கொட்டி, கல்லை ஏற்றினார்கள். ஏற்றும்போது ஹெலி சத்தம் கேட்டு எல்லாரும் கல்லை விட்டுவிட்டு வேம்புகளோடு ஒட்டிக்கொண்டோம். பாதிச் சரிவில் கல் தனியே நின்றது. ஹெலி வேலணைப் பக்கம் போய்விட்டது. மேசன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஐயா, இந்தக் கல்லுக்கு உங்களைவிடத் தைரியம்," என்றான்.

திவசத்துக்கு முன்னமே முடிந்தது. தாய் வந்து, நான் போட்ட கல்லில் இருந்தார். நேரே பார்த்தார். "ஒண்டும் தெரியேல்லை அண்ணை," என்றார். அது நன்றி சொன்னது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வந்தார். பெண்கள் கட்டை இறக்கிவைத்து அவரோடு இரண்டு கதை கதைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி, "மச்சாள், இந்தக் கல்லு வந்தபிறகு என்ரை கழுத்து நீண்டுபோச்சு, பாருங்கோ," என்றாள். மகள் போனபிறகு அவர் சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

பிறகு பெடியள் வந்தார்கள்.

நானும் தகப்பனும் சாந்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் தன் கல்லில் இருந்தார். இரண்டு பேர் பாதையால் வந்தார்கள். மூத்தவனிடம் துவக்கு இருந்தது. இருபத்திரண்டு வயதிருக்கும். மரியாதையான பெடியன், செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்குக் கிட்டப் போனான். கிடைக்கல்லின்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் கடலைப் பார்த்தான். துவக்கை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

"நல்ல உயரம்," என்றான். "ஆர் அளவெடுத்தது?"

தகப்பன் என்னைக் காட்டினார்.

"ஐயா இஞ்சினியரோ?"

"இல்லைத் தம்பி. படவரைஞன். பென்சன்."

"அப்ப எங்களுக்கும் ரெண்டு மூண்டு கீறித் தாங்கோவன்." மற்றவன் சிரித்தான். நான் குனிந்து சாந்தில் வெடிப்பைத் தேடினேன்.

மூத்தவன் சுற்றிவந்து அடைப்பைக் கையால் தட்டினான். "இஞ்சை ஒரு காவல் சென்றி போடப்போறம் ஐயா. கடல் வடிவாத் தெரியுது, ஆள் தெரியாது. பக்கத்திலை நாலு மண்மூட்டை அடுக்கினால் காணும்."

தாய் எழும்பினார். "தம்பி, அது என்ரை பிள்ளையின்ரை கல்லு."

"கல்லை நாங்கள் கழட்டேல்லை அம்மா. பின்னாலை நிப்பம், அவ்வளவுதான்."

"பின்னாலை நிண்டால் அவங்கள் முன்னாலை இருந்து அடிப்பாங்கள்."

"அடிச்சால் கல்லுத்தானே அம்மா உடையும்," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். நாளைக்கு அல்லது நாளையிண்டைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் கல்லுக்குப் பின்னால் போய் நின்றேன். மேல்விளிம்பு என் நெஞ்சுக்குச் சரியாக வந்தது. பெண்ணின் தலைச்சுமை இறங்குகிற உயரமும் ஒருவன் மறைந்துநின்று சுடுகிற உயரமும் ஒன்றுதான் என்பது படம் கீறும்போது எனக்குத் தோன்றவேயில்லை. ஹெலிக்குத் தெரியாமல் மறைத்தேன், கடலிலிருந்து தெரியாமல் மறைத்தேன், இலையும் நிழலுமாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். பயந்து பயந்து கட்டிய இடம், பயமில்லாதவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. சென்றி இருந்தால் ஒருநாள் நேவி காணும். பிறகு ஹெலி வரும். தோப்பைச் சுற்றி எத்தனை கூரை என்று எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். அதே பதினொன்று. எங்களுடையது மூன்றாவது.

"இடிச்சுப்போடுவம் அண்ணை," என்றார் தகப்பன். "கல்லும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்."

"அவளை ரெண்டாந்தரமும் இறக்கவிடாமல் பண்ணப்போறியளோ?" தாய் சத்தம்போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். தகப்பன் நிலத்தைப் பார்த்தார்.

நான் உயரத்தைக் குறைக்கலாம் என்றேன். இரண்டடிக்கு இறக்கினால் யாரும் பின்னால் நிற்க ஏலாது.

"ரெண்டடிக் கல்லிலை ஆர் அண்ணை தலைச்சுமை இறக்கிறது? குனிஞ்சால் கட்டு முன்னாலை விழும். அது சுமைதாங்கியில்லை, குந்தியிருக்கிற வாங்கு," என்றார் தாய்.

அது சரி. எனக்கு ஒரு வழி தெரிந்துதான் இருந்தது. பெடியன் அடைப்பைத் தட்டினபோதே தெரிந்தது. அவனை மறைப்பது கிடைக்கல் அல்ல, நான் கட்டிய அடைப்பு. அதை எடுத்துவிட்டால் நடு வெளிக்கும். பின்னால் நிற்கிறவனின் வயிறும் காலும் கடலுக்குத் தெரியும். எந்தப் பெடியனும் நிற்கமாட்டான். ஆனால் அடைப்பை எடுத்தால் தாய்க்குக் கடல் தெரியும். அவர் முகத்தைப் பார்க்காமல், இலுப்பை மரத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னேன்.

தாய் கிட்ட வந்து அடைப்பில் கையை வைத்தார்.

"எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார்.

"முழுக்க இல்லைத் தங்கச்சி. நாலடி அகலம். கல்லுக்குக் கீழை மட்டும்."

"நாலடி," என்றார். தன் கல்லில் போய் இருந்தார். அடைப்பைப் பார்த்தார், அதற்கு அப்பால் இருப்பதைப் பார்ப்பதுபோல. தகப்பன், "வேண்டாம், விடும், வேறை இடம் பாப்பம்," என்றார். தாய் எழும்பிப் போய்க் குந்தி, அடைப்பின் ஓரத்திலிருந்த ஒரு சிறுகல்லை விரலால் அசைத்தார். சுண்ணாம்புச் சாந்து இன்னும் இறுகவில்லை. கல் கையோடு வந்தது.

தகப்பன் ஓடிப்போய்க் கல் பெயர்க்க அலவாங்கு கொண்டுவந்தார்.

எனக்குக் கிடைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்க ஏலவில்லை. ஒவ்வொரு சிறுகல் வெளியே வரும்போதும் அது அசைந்ததாகப் பட்டது. "மெதுவாய், மெதுவாய்! தங்கச்சி, நீர் கீழை தலையை விடாதையும்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். எடுத்த கற்களை அங்கே விட்டால் பெடியள் திருப்பி அடுக்குவார்கள் என்று கேணிக்குள் கொண்டுபோய்ப் போட்டோம். நூற்றுநாற்பத்திரண்டு கல். கடைசிக் கல்லுக்குப் பிறகும் கிடைக்கல் அசையவில்லை. அந்த அடைப்பு அதற்கு ஒருநாளும் தேவைப்பட்டிருக்கவில்லை.

தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். இருந்தவுடன் கண்ணை மூடினார். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு திரும்பியபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தநாள் காலை பெடியள் நாலு பேர் மண்மூட்டைகளோடு வந்தார்கள். நானும் தகப்பனும் அங்கே நின்றோம். வராமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று பயந்து வந்தேன்; வந்தபிறகு, வந்ததே சந்தேகம் என்று பயந்தேன். மூத்தவன் குந்தி, கல்லுக்குக் கீழால் பார்த்தான். எழும்பி என்னைப் பார்த்தான்.

"ஐயா, உங்கடை சுவர் எங்கை?"

நான் கேணிப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"ஆர் உடைச்சது? எங்களுக்காண்டி உடைச்சனீங்களோ?"

"நான்தான் உடைப்பிச்சனான்," என்றார் தாய், இருந்தபடியே. "எனக்குக் கடல் பாக்கவேணும்."

"நேற்று அடைச்சுத்தானே இருந்தது?"

"நேற்றுப் பாக்க ஏலாமல் இருந்தது தம்பி. அந்தக் கடலிலைதான் என்ரை பிள்ளை போனவள். இண்டைக்குப் பாக்கிறன். நீரும் வேணுமெண்டால் வந்து இதிலை இரும்."

அவன் இருக்கவில்லை. தாயைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "சரி அம்மா," என்றான். மற்றவர்களிடம், "இதை மூட்டையாலை அடைச்சால் அம்மா பாக்க ஏலாது. அடைக்காமல் பின்னாலை நிண்டால் காலை அடிச்சு விழுத்துவான்," என்றான். அப்பாடா என்று நான் மூச்சை விட, அவன் தோப்பின் மேற்குப் பக்கம் திரும்பினான். மரங்களுக்குள்ளால் என் வளவின் பின்மதில் தெரிந்தது.

"அந்த மதில் ஆரின்ரை?"

"என்ரை," என்றேன்.

"என்ன கல்? எத்தினை அங்குலம்?"

"எட்டு," என்றேன்.

நாலு என்று சொல்லியிருக்கலாம்; நாலங்குலத்தைக் குண்டு துளைக்கும் என்று விட்டுப் போயிருப்பார்கள். வாழ்நாள் முழுக்க அளவைச் சரியாகச் சொல்லிப் பழகியவனுக்கு அந்தக் கணத்தில் வேறு எண் வரவில்லை. பெடியன் தலையை ஆட்டினான். மண்மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வளவுப் பக்கம் போனார்கள்.

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டைகளை அடுக்கி முடித்து அவர்கள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தபின் என்னிடம் வந்தாள்.

"நாலெண்டு சொன்னால் வாய் கோணிப்போகுமே?"

"உயரம் அஞ்சடி எண்டதைச் சொல்லேல்லை," என்றேன்.

"பெரிய உபகாரம். ஊருக்குப் படம் கீறிக் குடுத்தியள். இப்ப நாங்கள் ஒளிக்க எங்கை போறது? அதையும் கீறுங்கோ."

போக ஓர் இடம்தான் இருந்தது. எங்கள் மதிலுக்குப் பின்னால் சென்றி இருந்த காலம் முழுக்க, ஹெலி சத்தமோ கடலில் படகுச் சத்தமோ கேட்டால் நானும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோப்புக்குப் போய்விடுவோம். அங்கே தாய் இருப்பார். ஒரு ஆளுக்கென்று அளந்து போட்ட கல்லில் ஒதுங்கி மனைவிக்கு இடம் கொடுப்பார். நான் இலுப்பை வேரில் இருப்பேன். அமைதியாக இருந்து நினைப்பதற்கென்று நான் கீறிய இடத்தில் ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை. கல்லுக்குக் கீழே அந்த நாலடிக் கடலைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பார்த்தால் படகுகளை எண்ணவேண்டி வரும்.

ஒருநாள் சத்தம் மிகக் கிட்டக் கேட்டது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விறகுக்கட்டோடு வந்த ஒருத்தி கட்டைக் கல்லில் இறக்கிவிட்டு எங்களோடு நிலத்தில் குந்தினாள்.

"எத்தினை படகு தங்கச்சி?" என்று கேட்டேன்.

தாய் குனிந்து கல்லுக்குக் கீழால் பார்த்தார். "ஒண்டுதான் அண்ணை."

"வடிவாப் பாரும்."

"ஒண்டுதான். தூரத்திலை போகுது."

"திரும்புதோ?"

"இல்லை," என்றார். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டேயிருந்தார். "நீங்கள் இருங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்."